பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

2041 ஜூலை 9, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். சதுரங்க அறையின் கதவு சாத்தியிருந்த நேரத்தை இருபத்தைந்து நிமிடம் என்று பதிவில் எழுதிவிட்டேன். சாத்தியபோது பார்த்தது என் கைக்கடிகாரத்தை. திறந்தபோது பார்த்தது வராந்தாக் கடிகாரத்தை. விடுதிப் பிள்ளைகள் பிந்தக்கூடாது என்று வராந்தாக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆகவே சரியான கணக்கு பதினைந்து. தெரிந்த விஷயத்தை எப்படி மறந்தேன் என்று புரியவில்லை.

பிரம்மசக்தி கடைசி வரியை மறுபடி வாசித்துவிட்டு அதை அடித்தாள். எப்படி மறந்தாள் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் செண்பகா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கும்படி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாட்குறிப்பு மாலை வகுப்புக்காக. கோவில்பட்டியில் ஆறரை முதல் எட்டு வரை நடக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பில் ஒவ்வொருவரும் தினமும் எழுத வேண்டும். அன்றைய பிழையில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். மற்றவர்கள் ஏழு நாளையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எழுதித் தள்ளினார்கள். சக்தி அன்றன்று எழுதினாள். எழுதியதைச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட்டதையும் ஓரத்தில் எழுதினாள்.

அவள் கணக்கு டீச்சராக இருந்த எட்டாம் மைல் உறைவிடப் பள்ளியில் ஆறு வருடங்களுக்கு முன், அவள் வந்து சேர்வதற்கு முன்பே, விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. விடுதி வார்டன் ஒன்பது வருடம் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை நானூற்றுச் சொச்சம் பக்க அறிக்கையாக வந்தது. அதன்பின் எல்லாக் கதவுக்கும் கண்ணாடிச் சட்டம் வைத்தார்கள். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக எங்கும் போகக்கூடாது. பிள்ளைக்கு எது கொடுத்தாலும் பரிசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த வார்டனைப் பிள்ளைகள் 'மாமா' என்று கூப்பிட்டிருந்தார்கள், அதனாலேயே வெளியே சொல்ல வாய் வரவில்லை என்று அறிக்கை சொன்னது. ஆகவே ஊழியர்களை உறவுமுறை சொல்லிக் கூப்பிடவும் தடை. சிறிய சந்தேகமானாலும் எழுதிவிட வேண்டும் என்று ஒரு பதிவேடும் வந்தது.

இதையெல்லாம் கவனிக்கக் காப்புப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி உண்டு. அந்தப் பதவிக்காகத்தான் சக்தி மாலை வகுப்பில் சேர்ந்தாள். போன மாதம் அது தியாகுவுக்குப் போனது. தியாகு எந்த வகுப்புக்கும் போகவில்லை. பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான்.

தியாகு சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவர். தடையை மீறிப் பிள்ளைகள் அவரை மட்டும் 'அண்ணா' என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "கூப்பிடுற வாய நான் எப்படி டீச்சர் பொத்த முடியும்?" என்பார். சக்தியையும் யாராவது அக்கா என்று கூப்பிட்டிருந்தால் விதியைச் சொல்லித் திருத்தியிருப்பாள். யாரும் கூப்பிடவில்லை.

காலையில் வாசலில் நிற்கும்போது அவருக்கு எத்தனை வணக்கம், தனக்கு எத்தனை என்று எண்ணினாள். திங்களன்று நாற்பத்தொன்றுக்கு ஆறு. ஒருமுறை பதிவேட்டில் முறைப்படி எழுதிவிட்டு ஏழாம் வகுப்புக்குக் கடலைமிட்டாய் கொடுத்தாள். "தேங்க்ஸ் மிஸ்" என்று வாங்கிக்கொண்டு, கடிக்காமலே சதுரங்க அறைக்கு ஓடினார்கள், அண்ணாவுக்குக் கொடுக்க. அவர் சிரிக்கிற மாதிரி, கண்ணைச் சுருக்கி, கண்ணாடி முன் ஒரு நாள் சிரித்துப் பார்த்தாள். பல்வலிக்காரி மாதிரி இருந்தது.

இதில் செண்பகாதான் பெரிய வலி. ஏழாம் வகுப்பு, விடுதிப் பிள்ளை. பேச்சு திக்கும். எட்டு மாதமாக மதிய இடைவேளையில், கதவைத் திறந்து வைத்து, அவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தாள் சக்தி. எட்டு மாதமும் தலையாட்டல்தான். அந்தப் பிள்ளை அங்கே, அவரிடம், அப்படிச் சிரித்தாள்.

சிரிப்பைக் கேட்டுத்தான் செவ்வாய் மாலை சதுரங்க அறை வாசலில் நின்றாள். அவள் நெருங்கும்போதே கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது. கண்ணாடிச் சட்டத்தில் அங்குலம் விடாமல் சதுரங்கக் கட்டப் படங்கள் ஒட்டியிருந்தன. உள்ளே தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் நாலு மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கே ஆசிரியர் அறை மூலையில் துலாவின் முன் உட்கார்ந்து பதிவு செய்தாள்.

துலா பார்ப்பதற்குச் சிலேட்டு மாதிரி இருக்கும். பேசலாம், தட்டச்சும் செய்யலாம். என்ன சொல்கிறோம் என்பதை அது நிறுப்பதில்லை. சொல்கிற மனசை நிறுக்கும். குரல் எங்கே இறுகுகிறது, எந்தச் சொல்லை அடித்து எழுதினோம், எழுதப்படுகிறவருக்கும் நமக்கும் முன்னால் என்ன உரசல், எல்லாம் பார்த்து ஓர் எண் சொல்லும். அறுபதுக்குக் கீழே இருந்தால் பதிவு பள்ளியின் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும். மேலே போனால் எழுதியவருக்கே திரும்பும்.

சக்திக்குத் திரும்பியது. 'உள்நோக்க எண் 71. முதன்மை உணர்வு: பொறாமை. இப்பதிவு அனுப்பப்படவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.'

காது மடல் சுட்டது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அது உண்மையைச் சொல்லிவிட்டது. பத்து நிமிடம் கூடுதலாக எழுதியிருக்கிறோம் என்பது அறைக்கு வந்தபின்தான் உறைத்தது. அந்தப் பத்து நிமிடத்தைக் கடிகாரம் தந்ததா, தானே தந்துகொண்டதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் கடிகாரத்தின் மேல் போட்டாள்.

புதன்கிழமை மதியம் பின்னக் கணக்குக்கு நடுவில் செண்பகாவின் பைக்குள் ஏதோ அதிர்ந்தது. செண்பகா பையை அமுக்கினாள். மறுபடி அதிர்ந்தது.

"என்னது அது?"

செண்பகா எடுத்து மேசையில் வைத்தாள். பழைய ஃபோன், ஓரம் கீறியது.

"அப்பா வாங்கிக் குடுத்ததா?"

இல்லை என்று தலையாட்டல். கொஞ்சம் பொறுத்து, "அண்ணா கு-குடுத்தாங்க. செஸ் பழக." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அப்பாட்ட சொல்ல வேண்டாம்னாங்க. உங்ககிட்டயும்."

"என்கிட்டயுமா? ஏன்?"

"மிஸ்ஸுக்கு அண்ணாவப் பி-பிடிக்காதாம். எதச் சொன்னாலும் தப்பாத்தான் எடுப்பீங்களாம்."

எட்டு மாதத்தில் அவள் சக்தியிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. சக்திக்கு முதலில் குத்தியது 'பிடிக்காது' என்ற சொல். ஃபோன் இரண்டாவதாகத்தான் குத்தியது. அந்த வரிசையை அன்று நாட்குறிப்பில் அப்படியே எழுதினாள்.

குடைந்து கேட்கக்கூடாது என்பது வகுப்பின் பாடம். கேட்கவில்லை. "நீ சொன்னது நல்லதுதான் செண்பகா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இத நான் எழுதி வைக்கணும்."

"மதுரப் போட்டி நின்னுறக் கூடாது மிஸ்."

"எப்ப?"

"சனிக்கிழம. அண்ணா கார்ல போறோம். நான் மட்டுந்தான் செலக்ட்."

வராந்தாவில் தியாகு எதிரே வந்தார். தோளில் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், சனிக்கிழம மதுரைக்கு உங்ககூட ரெண்டாவது ஆள் யாரு வாறாங்க?"

"ஒருத்தரும் இல்ல டீச்சர். காப்புப் பொறுப்பாளரே கூடப் போனா ரெண்டாவது ஆள் வேண்டாம்னு விதியிலேயே இருக்கே. ஹெச்.எம். மேடமும் கையெழுத்துப் போட்டுட்டாங்க." கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். "நீங்க அந்தக் கோர்ஸ் படிக்கீங்களே, உங்களுக்குத் தெரியாததா?"

தோளில் தொங்கிய பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சக்தி நேரே துலாவிடம் போனாள். தண்ணீர் குடித்தாள். பதினைந்து நிமிடம் என்று திருத்தினாள். ஒட்டிய படங்கள், ஃபோன், சொல்ல வேண்டாம் என்றது, தனிக் கார். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. எண் 78.

"குறைய வேண்டியதுல்லா? கூடியிருக்கு," என்றாள் அன்று மாலை எஸ்தர் கனியிடம். எஸ்தர் மகளிர் காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள், சக்தியின் வயதுதான், வகுப்பில் பக்கத்து இருக்கை. யாருடைய பெயரும் சொல்லாமல் சக்தி விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"ஏட்டி, உனக்குப் பொறாம இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"அவரு சட்டையக்கூடப் பிடிக்கல. நல்ல சட்டதான்."

எஸ்தர் சிரித்துவிட்டாள். பிறகு பேனாவால் மேசையைத் தட்டினாள். "எங்க ஸ்டேஷனுக்கு வாரவங்கள்ல பாதி பங்காளிச் சண்டதான். எவனும் நல்ல மனசோட வரமாட்டான். அண்ணன் நாசமாப் போகணும்னுதான் வருவான். வரப்பத் தள்ளிப் போட்டுட்டான்னு எழுதிக் குடுப்பான். நாங்க போய்ப் பாப்போம். தள்ளிப் போட்டிருந்தா தள்ளிப் போட்டதுதான. தம்பி மனசு சரியில்லன்னு வரப்பு பழைய இடத்துக்குப் போயிருமா?"

"பொய் சொல்லவும் வாய்ப்பு இருக்குல்லா?"

"அதுக்குத்தான போய்ப் பாக்கது. பாக்காமலே மனச நிறுத்தா எப்படி?"

சக்திக்கு அது சரி என்று பட்டது. உடனே, தனக்குச் சாதகமாக இருப்பதால்தான் சரி என்று படுகிறதோ என்றும் பட்டது.

வியாழன் காலை தலைமையாசிரியை தங்கபுஷ்பம் கூப்பிட்டனுப்பினார். கதவைத் திறந்தே வைத்தார், விதிப்படி.

"டீச்சர், துலா உங்க பதிவ ரெண்டு தரம் திருப்பிவிட்டிருக்கு. என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கவும் கூடாது."

"நான் வாயால சொல்லுதேன் மேடம்."

"சொல்லக் கூடாது. கேட்டா என்மேல விதிமீறல்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துலா எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. விசாரணை முடிஞ்ச ரெண்டு வருஷம் நீங்க இங்க இல்ல. எல்லாரும் எல்லார் மேலயும் எழுதினாங்க. லீவு குடுக்கலன்னு எழுதினாங்க, புரமோஷன் போச்சுன்னு எழுதினாங்க. டிராயிங் மாஸ்டர் சுப்பையா ஒரு பாவமும் அறியாதவரு. பதினாலு மாசம் சஸ்பெண்டு. திரும்பி வந்தப்ப அவருக்கு ஒரு கோடு நேரா வரல. கை நடுங்குது. பிள்ளைங்க பாத்துச் சிரிச்சிட்டாங்க. மறுநாள்ல இருந்து வரல."

தலைமையாசிரியை சொன்னதும் பொய்யில்லை.

"மேடம், ஒரு பிள்ளையோட பைய மட்டும் பாருங்க. என் மனசு எப்படியும் கெடந்துட்டுப் போகட்டும்."

"முடியாது டீச்சர். ஆனா உங்க மேல ஒரு பதிவு வந்திருக்கு. அத நான் பாக்கலாம். உள்நோக்க எண் மூணு." தாளை நகர்த்தினார். 'ஏழாம் வகுப்பு மாணவியைத் தனியே நிறுத்தி, அவளுடைய பையைச் சோதித்து, சக ஆசிரியர் ஒருவரைப் பற்றித் துருவிக் கேட்டார். மாணவி மிகவும் கலங்கியிருக்கிறாள். அவளுடைய நலன் ஒன்றே நோக்கம்.'

யார் எழுதியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சக்தியின் மனம் போனது வேறு இடத்துக்கு: அன்றைக்கே செண்பகா அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் வாய் திறக்க எட்டு மாதம்.

"இன்னைக்கே ஏழாம் வகுப்ப ஒப்படச்சிருங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குழு. வராம இருந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம். வேலை போயிரும்." குரலைத் தாழ்த்தினார். "மூணு ரொம்பச் சுத்தமான எண் டீச்சர். இந்தப் பள்ளிக்கூடத்துல யாருக்கும் அவ்வளவு குறைஞ்சு வந்ததில்ல."

நாலு மணிக்கு ஆசிரியர் அறை காலியானது. சக்தியிடம் ஒரு வீட்டுப்பாடம் பாக்கியிருந்தது. விசாரணை அறிக்கையின் நான்காம் பின்னிணைப்பைச் சுருக்கி எழுத வேண்டும். வார்டன் இருந்த ஒன்பது வருடத்தில் நிர்வாகத்துக்கு வந்து, யாரும் படிக்காமல் அலமாரியில் போட்டு வைத்த பதினொரு கடிதங்கள். யார் எழுதியது, எதைக் கண்டார், உண்மையா, என்று கட்டம் போட்டு வைத்திருந்தாள். நாலாவதாக ஒரு கட்டம் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. துலாவில் புதியவர்கள் பழகுவதற்கு ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. அதில் எழுதுவது எங்கும் போகாது, வெறும் சொற்களை வைத்தே எண் சொல்லும். கடிதங்களில் பெயர் மறைத்திருந்தது, அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள்.

முதல் கடிதம் விடுதிச் சமையற்காரி எழுதியது. 'பொங்கிப் போடுவது நான். பிள்ளைகள் பேர் சொல்லுவது அவரை. அது எனக்கு ஆகவில்லை. ஆனாலும் அவர் அறைக்குப் போன பிள்ளைகள் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. மூன்று மாதமாக எண்ணி வருகிறேன்.' துலா சொன்னது: பொறாமை, 82. திருப்பப்பட்டது.

காவலாளி எழுதியது: கோபம், 77. வார்டன் வேலை கிடைக்காத ஓர் ஆசிரியர் எழுதியது: பொறாமை, 90. மகன் தன்னைவிட அவரோடு ஒட்டிக்கொண்டான் என்று புலம்பிய ஒரு தாய்: பொறாமை, 66. வரிசையாக ஒன்பது கடிதம், ஒன்பதும் திரும்பின. ஒன்பதிலும் சொன்னது உண்மை என்று ஆணையம் எழுதியிருந்தது, பக்க எண்ணோடு.

சமையற்காரியின் கடிதத்துக்குத் திரும்பிப் போனாள். மூன்று மாதமாக எண்ணி வருகிறேன். நாற்பத்தொன்றுக்கு ஆறு என்று தான் எண்ணியது நினைவுக்கு வந்தது. எல்லோரும் கொண்டாடிய ஒரு மனிதரை அந்த விடுதியில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது அவரைக் கண்டால் ஆகாதவர்கள் மட்டும்தான்.

இரண்டு கடிதங்கள் மிச்சமிருந்தன. சமையற்காரி பிள்ளைகளை அடிக்கிறாள் என்று ஒன்று. காவலாளி குடித்துவிட்டு வருகிறார் என்று ஒன்று. இரண்டும் அமைதியான, அழகான கடிதங்கள். பிள்ளைகளின் நலன் தவிர வேறு நோக்கம் இல்லை என்று முடிந்தன. எண் 4. எண் 2. இரண்டும் துலாவில் தடையில்லாமல் போயின. அடிக்குறிப்பில், இந்தக் கடிதங்களுக்குப் பின் ஒரே மாதத்தில் இருவரும் வேலையைவிட்டு நீக்கப்பட்டார்கள் என்றும், சொன்னது இரண்டுமே பொய் என்றும் இருந்தது.

இந்த இரண்டை மட்டும் யார் எழுதியது என்று கட்டம் காலியாக இருந்தது. பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய் எழுதியவர் பட்டியலில் பார்த்தாள். பத்தும் பதினொன்றும் ஒரே ஆள். வார்டன்.

சக்தி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். வராந்தாக் கடிகாரம் ஐந்தரை காட்டியது. ஐந்து இருபது, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், இந்தமுறை பெயர்களோடு.

"நேத்தே பேரோட சொல்லியிருந்தா நேத்தே போயிருக்கலாமேட்டி."

"எனக்கே என்மேல நம்பிக்க இல்ல."

"இப்ப இருக்கா?"

"இல்ல. ஆனா கதவு சாத்தித்தான் இருந்துச்சு."

எஸ்தர் அவளைப் பார்த்துவிட்டுத் தன் டூட்டிச் சீட்டை எடுத்தாள். "நாளைக்கு எனக்குத் தூத்துக்குடியில கோர்ட் டூட்டி. மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு ஆபீசுல கொண்டுபோய் விட்டுட்டுப் போறேன். ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் அம்மாட்டயும் இன்னைக்கே சொல்லிருதேன். சனிக்கிழமைக்குள்ள கார நிறுத்தணும்னா நீ கையெழுத்துப் போட்ட தாள் வேணும். பத்து மணிக்கு உனக்குப் பள்ளிக்கூடத்துல குழுன்னியே?"

"ஆமா. ஆபீசும் பத்து மணிக்குத்தான் திறக்கும்."

"வேலை போயிரும்ட்டி."

"தெரியும்."

"ஒருவேள அந்தாளு ஒண்ணும் பண்ணலன்னா?"

"அப்ப சுப்பையா சாருக்கு நடந்தது இவருக்கும் நடந்துரக் கூடாது. அதனாலதான் பத்து நிமிஷத்தக் கழிக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "செண்பகா என்கிட்ட இனிமே பேசவே மாட்டா. போட்டியக் கெடுத்தவன்னு."

"மொதல்ல பேசினாளா என்ன?"

"ஒருதரம் பேசினா," என்றாள் சக்தி. நோட்டைத் திறந்தாள்.

2041 ஜூலை 11, வியாழன். இன்றைய பிழை: செவ்வாயன்று நடந்ததை இரண்டு நாள் துலாவிடம் மட்டும் சொன்னேன். மனிதர்களிடம் சொல்லவில்லை. காரணம் வெட்கம்.

நாளை, வெள்ளி. காலை 7.10 தூத்துக்குடிப் பேருந்து, எஸ்தருடன். தலைமையாசிரியைக்கு வர இயலாது என்று கடிதம், போகும்முன் விடுதிக் காவலரிடம் கொடுக்க வேண்டும். புகாரைக் கையால் எழுத வேண்டும். முதல் வரி: தியாகு மேல் எனக்குப் பொறாமை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு மேலே வாசிக்கவும். இரண்டாம் வரியிலிருந்து பார்த்ததும் கேட்டதும் மட்டும். கண்ணாடியில் படம், ஃபோன், சொல்ல வேண்டாம் என்றது, சனிக்கிழமைக் கார். கதவு சாத்தியிருந்த நேரம் பதினைந்து நிமிடம்.